காரணம் என்ற கட்டத்தில்

மதரஸாவில் மூன்று வருஷம்,
ஜித்தாவில் தண்ணீர் லாரி மேல் ஒன்பது வருஷம்.
இவ்வளவுதான் என் அரபி.
வேலூர் ஆஸ்பத்திரியில் அதற்கு நாளொன்றுக்கு
அறுநூறு ரூபாய், மதியச் சாப்பாடு தனி.

தாயிஸிலிருந்து வந்திருந்தார் ஃபவ்வாஸ்,
ரொட்டிக் கடைக்காரர்.
இரண்டு வருஷம் முன்பு யாரோ அவசரத்தில் கட்டிய
இடது தொடை எலும்பு
கோணலாக ஒட்டிக்கொண்டிருந்தது.
டாக்டர் ஹெப்சிபா படிவத்தைப் பார்த்தபடி கேட்டார்:
எப்படி ஆச்சு?
ஹர்ப், என்றார் அவர்.
போர், என்றேன் நான்.
காரணம் என்ற கட்டம் ஓர் அங்குலம்கூட இல்லை.
அதில் அடங்கிவிட்டது.

ஹா, ரா, பா.
பிரம்போடு சேர்ந்து வந்த பாடம்:
மூன்று எழுத்தைப் பிடித்துக்கொள்,
மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள்.
ஹர்பா என்றால் ஈட்டி.
ஹரீப், உள்ளதெல்லாம் பறிகொடுத்தவன்.
படத்தில் வெள்ளையாகத் தெரிந்த இரும்புத் துணுக்கை
டாக்டர் பேனாவால் தொட்டபோது
இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

வெளியே வந்ததும் கேட்டார்,
உங்கள் ஊர்ப் பெயருக்கு என்ன பொருள்?
வேல் என்று வாய்வரை வந்துவிட்டது.
வேல் என்றால் ஹர்பா.
வேல மரம் என்றும் சொல்வார்கள் என்பது
நல்ல நேரத்தில் ஞாபகம் வந்தது.
முள் மரம், என்றேன். வெள்ளாடு தின்னும்.
எங்கள் மலையிலும் உண்டு, என்று
முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு லாட்ஜிலிருந்து போன்.
சைதாப்பேட்டைச் சந்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தால்
ஊன்றுகோல் கட்டிலுக்கு மேலே,
மனிதர் கட்டிலுக்குக் கீழே.
ஜன்னல் கண்ணாடி கடகடக்கிறது.
அக்காள் மகன் ருத்வான், பதினாலு வயசு,
எதிர்ப்பட்டவரிடமெல்லாம்
என்ன சத்தம் என்று கையால் கேட்கிறான்.
மேனேஜர் தசரதன் சொன்னார்:
ஒண்ணியும் இல்ல பாய்,
பின்னாடி போர் போட்னு கீறாங்க.
எழுநூறு அடி போயும் ஈரமில்ல.

வாயைத் திறந்தேன். மூடினேன்.
வைக்கோலும் போர், அலுப்பும் போர்,
பாலாறு காய்ந்த ஊரில்
திருச்செங்கோட்டு லாரி துளைப்பதும் போர்.
குனிந்து கட்டிலடியில் சொன்னேன்:
பிஃர். பிஃர், ஃபவ்வாஸ். கிணறு.
தண்ணீருக்காக.
தண்ணீருக்கா, என்றது இருட்டு.
இவ்வளவு சத்தமா.

அப்புறம் யாருக்கும் தூக்கம் இல்லை.
கிப்லா எந்தப் பக்கம் என்றார்.
டி.வி.க்கும் காலண்டருக்கும் நடுவே காட்டினேன்.
மிஹ்ராபும் அந்த மூன்றெழுத்தின் பிள்ளைதான்:
ஷைத்தானோடு மல்லுக்கட்டும் இடம் என்பார் சிலர்,
இல்லவே இல்லை, வேறு வேர் என்று
அடித்துச் சொல்வார் சிலர்.
சுவரில் யாரோ கொசு அடித்த கறை.
அதைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுதார்.
நான் பின்னால், செருப்பைக் கழற்றிவிட்டு.

அறுவை முடிந்து எட்டாவது வாரம்
தோட்டத்து வேலியில் பச்சோந்தி ஒன்றைக் காட்டி
ஹிர்பா! என்று கத்தினான் ருத்வான்.
அதுவும் அந்த வீட்டுப் பிள்ளையா,
தத்து வந்ததா, எனக்குத் தெரியாது.
ஒரு கண்ணால் எங்களையும்
மறு கண்ணால் சக்கர நாற்காலியையும் பார்த்தது.
அன்று அதன்மேல் எவனும் கல் எறியவில்லை.

டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
பொருந்திடுச்சு, என்றார்.
பொரு என்றால் சண்டையிடு.
பின்னால் ஒரு ந்து சேர்ந்தால் இது.
ஒன்பது வருஷ லாரியில்
இதற்கு ஒரு சொல் ஏற்றிவரவில்லை நான்.
இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினேன்.
அவரும் கோத்துப் பார்த்தார்,
மாவு பிசைந்த விரல்கள், இறுக்கமாக.
பிறகு
பணம் கட்டும் இடம் எது என்று கேட்டார்.