பத்து மில்லி

போன வருஷம் கார்த்திகைக்கு முன்னால்
மாரனகெரே மல்லேசுவரர் கோயிலில்
வாசல் நிலைக்கல்லில் ஒரு துளை போட்டேன்,
ஒயர்க் குழாய்க்குக் கிளிப் அடிக்க.
பத்து மில்லி பிட்.
ஏழெட்டுப் பூச்சு சுண்ணாம்பு, அதன் கீழ் எண்ணெய்ப் பிசுக்கு,
அதன் கீழ் கல்.
தூள் வந்தது. வாயால் ஊதினேன்.
கூலி அறுநூறு. பில் கேட்கவில்லை.

கெரே என்றால் ஏரி.
ஏரி இப்போது பஸ் டிப்போ.
பெருமழைக்கு மட்டும் அதற்குப் பழசு ஞாபகம் வரும்,
வோல்வோக்கள் முட்டளவு நீரில் நிற்கும்.

கோயில் வந்த கதை ஆளுக்கொன்று.
அர்ச்சகர் கங்காதரய்யாவுக்கு யானை:
சோழ தண்டநாயகன் கரையை உடைக்க ஓட்டி வந்தது,
பாதியில் மண்டியிட்டது, மூன்று நாள் எழவில்லை,
மண்ணைப் பறித்தால் முழங்காலடியில் லிங்கம்.
உச்சியில் உள்ள வடு அதன் நகம் பட்டதாம்.
தர்மகர்த்தா முனிராஜப்பாவுக்குப் பசு:
அவர் முப்பாட்டன் பசு, புற்று, தானாகச் சொரிந்த பால்.
எந்த ஊர்க் கோயிலுக்கும் ஒரு பசு உண்டு.
இது நந்தினி பாக்கெட்டுக்குப் போகாத பசு.
எதிரே பூக்கட்டும் யெல்லம்மாவுக்கோ
யானையும் இல்லை, பசுவும் இல்லை.
"ஆடு மேய்க்கப் போனவள் திரும்பவில்லை.
இருட்டில் கரை தெரிய வேண்டாமா?
அதுக்குத்தான் விளக்கு.
சாமி பின்னாடி வந்து குடியேறினார்."

இந்த ஆடியில் சுண்ணாம்பைச் சுரண்டினார்கள்.
கல்வெட்டுப் படிக்க மைசூரிலிருந்து
ஜலஜாட்சி மேடம் வந்தார்.
கிளிப்பை நானே கழற்றிக் கொடுத்தேன்.
ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றினார்.
கன்னடம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.
தமிழ்.
முனிராஜப்பா செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஸ்ரீராமபுரத்தில் சினிமா போஸ்டர் பார்த்துத்
தமிழ் கற்றவன் நான்.
அந்த எழுத்துக்குப் புள்ளியே கிடையாது.
ஆனாலும் அவர் விரல் நகர நகர
காதுக்குப் புரிந்தது:
நுந்தா விளக்கு ஒன்று.
அதற்கு விட்ட ஆடு தொண்ணூறு.
சாவா மூவாப் பேராடு.
சந்திரன் சூரியன் உள்ளவரை.

சாகாத ஆடா, கிழடு தட்டாத ஆடா?
மேடம் சிரித்தார். கிழடு செத்தால்
குட்டி கணக்கில் ஏறும்.
தொண்ணூறு தொண்ணூறாகவே நிற்கும்.
நாளுக்கு உழக்கு நெய்.

யெல்லம்மாவின் ஆடுகள்!
எண்ணூறு வருஷமாக வாய்க்கு வாய் மேய்ந்து
பூக்கடை வரை வந்து சேர்ந்திருக்கின்றன.

அடுத்த வரியில் விளக்கு வைத்தவள்.
இன்ன வாணிகன் மகள், பிறகு
என் துளை.
துளைக்கு அப்புறம் 'ங்கை'.
மேடம் சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார்.
"யாரோ முட்டாள்" என்றார் கன்னடத்தில்.
நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நங்கையா. மங்கையா. கங்கையா.
ராத்திரி முழுக்க அந்த ஓரெழுத்தை
மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன்,
இருட்டில் ஃபியூஸ் தேடுகிற மாதிரி.
அணையக் கூடாதென்று விளக்கு வைத்தவளை
நான்தான் வாயால் ஊதியிருக்கிறேன்.

நேற்று மறுபடி அங்கே வேலை.
முனிராஜப்பா வாங்கித் தந்த டியூப்லைட்டில்
அவர் பெயர், அவர் அப்பா பெயர், லேஅவுட் பெயர்.
பாதி வெளிச்சம் பெயருக்கே போய்விடுகிறது.
மாட்டிக் கொடுத்தேன்.
பழைய குழாயை ஒரு முழம் தள்ளி
கல்லைத் தொடாமல் கொண்டுபோனேன்.
நிலைக்கு மேலே, யாரும் கேட்காத
ஒரு ஜீரோ வாட் பல்பு.
ஸ்விட்ச் வைக்கவில்லை. நேரே மெயினிலிருந்து.

ஏழே காலுக்குக் கரண்ட் போனது.
பெஸ்காமிடம் ஆடு இல்லை.
படியில் உட்கார்ந்தேன்.
ஏரி இருந்த பக்கம்
பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப்
பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.
எண்ணத் தொடங்கினேன்.
முப்பத்தொன்றில் கரண்ட் வந்துவிட்டது.