திருகு ஏதாவது மீந்ததா?

உலான்பாத்தரில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே ஹீட்டர் குழாய் கொதிக்கிறது,
காற்றில் சொட்டு ஈரமில்லை.
கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்கிறது.
தடவ வந்த கைக்கும் பூனைக்கும் நடுவே
நீலமாய் ஒரு பொறி.

இந்த வீட்டில்தான்
ஒரு கணினியைக் கட்டப் போகிறேன்.

கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு.
மாப்பிள்ளை குதிரையிலிருந்து இறங்குவதற்குள்
பழைய லேப்டாப் உறைந்துபோகும்,
ஒரு கால் அந்தரத்தில்.

"நான் வந்ததும் சேர்ந்து பண்ணலாம், சோலோங்கோ.
தொடாதே" என்றான் தெல்கர்.
பதினான்கு நாள் கோபியில் செம்புச் சுரங்கம்,
பதினான்கு நாள் வீடு.
வியாழன் வருவான்.
இன்று ஞாயிறு.
அட்டைப் பெட்டிகள் அறையை அடைத்துக்கொண்டிருக்கின்றன.
தொடாதே என்றால் எந்த விரல் கேட்கும்?

கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிந்தேன்,
காலுறைகளையும்.
பருத்தி பனியன், வெறுங்கால்.
ஒவ்வொரு பாகத்தை எடுக்குமுன்னும்
பெயின்ட் உரிந்த குழாயை ஒருமுறை தொட்டேன்,
அடுத்தவர் வீட்டு வாசற்படியை
மிதிக்காமல் தாண்டும் கவனத்தோடு.

ப்ராசஸரின் மூலையில் பொன்னிறத்தில் ஒரு முக்கோணம்.
சாக்கெட்டின் மூலையில் அதன் ஜோடி.
இரண்டையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு
விரலை எடுத்துவிட வேண்டும்.
அதுவாக அமர்ந்தது.
நெம்புகோலை இறக்கும்போதுதான்
எலும்பு முறிவதுபோல் ஒரு முனகல்.

அப்படியே நிறுத்தினேன்.
இரண்டு கிண்ணம் உப்புத் தேநீர் குடித்தேன்.
கையேட்டை மூன்று முறை படித்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.
அந்தச் சத்தம்
வரத்தான் வேண்டுமாம்.

மதர்போர்டைப் பெட்டிக்குள் இறக்கி
ஒன்பது திருகுகளையும் முடுக்கி
முதுகை நிமிர்த்தினால்,
மேசையில் பளபளக்கிறது
முதலில் பொருத்தியிருக்க வேண்டிய பின்பக்கத் தகடு.

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.
பூனை வெளியேறியது.

ஒன்பதையும் அவிழ்த்துப் பலகையைத் தூக்கியபோது
அடியில் ஒரு பித்தளைக் கால்,
மேலே துளையே இல்லாத இடத்தில்.
மின்சாரம் பாய்ந்திருந்தால்
மூன்று மாதச் சம்பளம் புகையாகியிருக்கும்.
என் ஒரு மறதி
இன்னொன்றைக் காட்டிக்கொடுத்தது.
இதற்கு யாருக்கு நன்றி சொல்வது?

இரவு ஒன்றரை.
ஹீட்சிங்கின் அடியிலிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கை
மறக்காமல் உரித்த பெருமிதத்தோடு
பட்டனை அழுத்தினேன்.
விசிறிகள் சுழன்றன.
விளக்கு எரிந்தது.
திரை மட்டும் இருட்டு.

அணைத்தேன், போட்டேன்.
மெமரியைப் பிடுங்கிச் செருகினேன்.
அணைத்தேன், போட்டேன்.
கடைசியில் போனை எடுத்தேன்.

இரவு ஷிஃப்டின் இடைவேளை,
ஹெல்மெட்டோடு, புருவத்தில் தூசியோடு அவன் முகம்.
திட்டுவான் என்று காத்திருந்தேன்.
"கேமராவைத் திருப்பு" என்றான்.
"இன்னும் மேலே. இடப்பக்க மூலை.
எட்டு முள் கேபிள் எங்கே?"

பெட்டியின் முதுகுப்புறத்தில்
சுருண்டு படுத்திருந்தது அது.
உடம்பு முழுக்கச் சோறூட்டிவிட்டு
மூளையைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

"நீ எத்தனை கட்டியிருக்கிறாய்?" என்று கேட்டேன்.
பதில் வரவில்லை.
பின்னால் ஏதோ லாரி ரிவர்ஸ் எடுக்கும் ஓசை.
"ஒன்றும் இல்லை" என்றான்.
"பதினோரு ராத்திரியாக
முகாம் கட்டிலில் கையேடு படிக்கிறேன்.
உன் முன்னால் தடுமாறக் கூடாதே என்று."

கேபிளைச் செருகினேன். டக்.
திரையில் வெள்ளை எழுத்துகள்.
அவன் தன் ஹெல்மெட்டைத் தட்டினான்,
நான் மேசையை.
கீழ்வீட்டுக்காரர் கூரையை.

"சரி, திருகு ஏதாவது மீந்ததா?"

"இல்லை" என்றேன்.

இடது உள்ளங்கைக்குள்
சின்னதாக, கருப்பாக,
வெதுவெதுவென்று இருந்தது.