நான்கெல்லைக்கு உட்பட்டு

மொட்டைமாடிக்கு மட்டும் கூட்டிப்போயிடாதீங்க மேடம்
என்கிறார் புரோக்கர் சென்றாயன்.
பன்னிரண்டு வருடத்துக்கு முன்
இதே ஆள், வாயோரம் இதே பல்குச்சி,
கன்னங்குறிச்சி வெயிலில்
முதலில் மாடிக்குத்தான் ஏற்றினார்.
கையை நீட்டினா ஏற்காடு என்றார்.
நீட்டினேன்.
அதற்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கூட.

மலை அப்போது
என் துணிக்கொடிக்குப் பின்னால் இருந்தது.
ஆஸ்பத்திரியில் மாலைப்பணி முடிந்து வந்து
கொண்டையூசி வளைவுகளில் திரும்பும் லாரி வெளிச்சத்தை
மாத்திரை எண்ணும் விரலால் எண்ணுவேன்.
பதினொன்றில் மறைந்துவிடும்.
மறுபடி எங்கே முளைக்கும் என்று
எனக்குத் தெரியும்.

போன ஆனியில் பச்சை வலையை அவிழ்த்தார்கள்.
வடக்கே நாலு மாடி.
முப்பத்திரண்டு ஜன்னல்,
ஒரு மலைகூட இல்லை.

ஐந்து மாதத்தில் பதினேழு பேர்.
குழாயைத் திறந்து மூடினார்கள்.
தர்பூசணியைத் தட்டுவது போல
சுவரைத் தட்டினார்கள்.
ஒருவர் சமையலறைத் தரையில் திசைகாட்டியை வைத்து
ஈசானத்தில் கக்கூஸ் இருக்கே என்று
எனக்கு வந்த நோயைச் சொல்பவர் மாதிரி
குரலைத் தாழ்த்தினார்.
ஒரு அம்மாள் என் பீரோவையே திறந்துவிட்டாள்.

சார் எப்ப வருவாருங்க?
சார் இல்லை.
வெளியூரா?
சார் என்று ஒருவர் எப்போதுமே இல்லை.
அப்ப விலையை யார்கிட்டப் பேசுறது?
என்கிட்டத்தான்.
பேசினார்கள்,
வாசலைப் பார்த்துக்கொண்டே.

கடைசியாக அர்த்தநாரி வந்தார்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை,
சேதாரம் பார்த்துப் பழகிய கண்.
டேப் பிடிக்க இரண்டு பையன்கள்.
பத்திரத்தில் ஆயிரத்து இருநூறு சதுர அடி,
தரையில் ஆயிரத்து நூற்று எண்பத்தைந்து.
பதினஞ்சு குறையுதுங்களே.
அளந்தவர் செத்துவிட்டார்.
மாதம்மாள் வீட்டுச் சுவர் நேராகத்தான் நிற்கிறது.
கட்டெறும்பு தூக்கிப்போகிற பொருளா?

ராத்திரி தையல் டேப்பை எடுத்துக்கொண்டு
வீடு முழுக்கத் தவழ்ந்தேன்.
ஆறுக்கு இரண்டரை, பதினைந்து.
என் கட்டில்.
இத்தனை வருடம்
இல்லாத இடத்தில்தான் தூங்கியிருக்கிறேன்.
அதற்கு நாற்பத்தைந்தாயிரம்
கழித்துக்கொண்டார்.

நான் வாங்கப்போவது ஜாகீர் அம்மாபாளையத்தில்
மூன்றாம் மாடி.
முன்பணம் வாங்கிய மறுநாளே
விற்கிற பையன் இரண்டு லட்சம் ஏற்றினான்.
மலை தெரியுதுல்ல மேடம்.
தெரிந்தது. சமையலறை ஜன்னலில்
விரற்கடை அளவு நீலம்.
சுவரைத் தட்டிப் பார்த்தேன்.
ஈசானத்துல என்ன இருக்கு என்று
ஒரு குரல் கேட்டது, என் வாயிலிருந்து.
கீழே தெற்கே
ஒரு ஓட்டுவீட்டு முற்றத்தில் துணி காய்ந்தது.
அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

பத்திர எழுத்தர் ஒரே மூச்சில் வாசித்தார்:
இருபதடித் தடத்துக்கு மேற்கு,
மாதம்மாள் மனைக்கு வடக்கு,
ஓடைப் புறம்போக்குக்குக் கிழக்கு,
அடுக்ககத்துக்குத் தெற்கு.
மலைக்குத் தெற்கு என்று போடலாமா?
கண்ணாடியைக் கழற்றி
என்னைப் பார்த்தார்.
புல எண் இருந்தா போடலாம்மா.

சாயங்காலம் கொடியை அவிழ்க்க மாடிக்குப் போனேன்.
எதிரே மூன்றாம் மாடியில்
ஒரு பெண் துண்டு உதறிக்கொண்டிருந்தாள்.
இதுவரை பேசியதில்லை.
ஏங்க, மலை இருக்குதுங்களா? என்று கத்தினேன்.
புரிந்ததோ என்னவோ,
உள்ளே போனாள்.
அந்தப் பக்க ஜன்னல் வரைக்கும்
போயிருக்க வேண்டும்,
அவ்வளவு நேரம்.
திரும்பி வந்து கையைக் குவித்துச் சொன்னாள்:
மூடிக்கிடக்குதுங்க, மழை போல.
நாளைக்குப் பாத்துச் சொல்றேன்.

நாளைக்குப் பத்தரை மணிக்கு
டோக்கன்.