முள் மறைத்தல்

ஏழாம் நம்பர் அறையின் மேசை லாச்சியில்
யாரோ விட்டுப்போன பொட்டலம்.
உள்ளே பத்து ரப்பர் புழு,
கத்தரிப்பூ நிறம், உடம்பெல்லாம் மினுக்கம்.
பிரித்ததும் சோம்பு மணந்தது.
மனேஜரிடம் கொண்டுபோனேன்.
மூக்கைச் சுளித்து, "நீயே வச்சுக்கோ" என்றார்.
பங்களாவில் எனக்குக் கிடைத்ததிலேயே
கணக்கில் ஏறாத பொருள் அது ஒன்றுதான்.

பொட்டலத்தின் முதுகில் மூன்று படம்.
எழுத்து பிடிபடாத பாஷை. படம் போதும்.

ஒன்றில், தலை வழியே புகுந்த முள்
முதுகில் வெளிவந்து நிற்கிறது, வெறும் கூராய்.
இரண்டில், அதே முள் ஒரு திருப்புத் திரும்பி
வயிற்றுக்குள் மறுபடி ஒளிகிறது.
மூன்றில், நடு உடம்பில் ஒரே குத்து;
இரு பக்கமும் தொங்குகிறது புழு,
கொடியில் காயும் காற்சட்டையாட்டம்.

ஞாயிறு. மவுசாக்கலை வற்றிக் கிடந்தது.
மூழ்கிய பழைய பஜார்
படி படியாகக் கரையேறிக்கொண்டிருந்தது.
விரால் கிடப்பது அந்தச் சுவர்ச் சந்துகளில்தான்.
பால்மா டின்னில் சுற்றிய தங்கூசியோடு
பாறைமேல் நான்.
பத்தடி தள்ளி, மஸ்கெலியா பஸ்ஸின் கண்டக்டர் கருணாதிலக்க
கோதுமை மாவு உருண்டையில்
ஒவ்வொன்றாகத் திலாப்பியா ஏற்றிக்கொண்டிருந்தான்,
ஆட்களை ஏற்றுகிற அதே அலுப்போடு.

முதல் படத்தின்படி முதல் புழு.
கூர் வெளியே இருந்தால் எதையும் பிடிக்கும் என்று நினைத்தேன்.
பிடித்தது,
ஒரு கடையின் வாசற்படியை.
இழுத்தேன். கடை வரவில்லை.
அடுத்தது ஒரு மரக்கட்டையோடு போனது.
மூன்றாவது எதனோடு போனதென்றே தெரியாது.
கருணாதிலக்க திரும்பிப் பார்க்காமலே சிரித்தான்.

ஈயம் வேறு குழப்பம்.
குண்டு கோர்த்தால் விறுவிறென்று இறங்கிச்
சேற்றில் படுத்துவிடுகிறது.
எடை என்றாலே எனக்குச் சந்தேகம்;
கொழுந்து கிள்ளிய ஆறு வருஷமும்
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ வெட்டிய தராசு.
பல்லால் கடித்து ஈயத்தைக் கழற்றினேன்.
அதன்பின் புழு இறங்கியது
அவசரமில்லாமல்,
அடுப்பிலிருந்து பறந்த சாம்பல் தரைசேர்வதுபோல.

மூன்றாம் படத்தின் காற்சட்டை
அழகாகத்தான் ஆடியது. பொடி மீன்கள்
ஒரு காலைத் தின்றுவிட்டுப் போயின.

ஆக, இரண்டாம் படம்.
முள்ளைத் திருப்பி அதன் உடம்பிலேயே புதைத்து
மேல்தோல் மட்டும் மூட,
விரலால் தடவினால் ஒன்றும் குத்தாது.
அறை கூட்டும்போது என் முகத்தை
இப்படித்தான் வைத்துக்கொள்வேன்.

சுவரில் உரசியது, கட்டையில் ஏறி இறங்கியது,
எங்கும் மாட்டவில்லை.
பிறகு ஒரு தட்டு,
கதவில் விரல்முட்டி படுவதுபோல.
உடனே வெட்டி இழுத்தேன்.
வந்தது அரைப் புழு, விளிம்பில் பல்வரிசை.
ஆறு முறை. ஆறிலும் என் கை முந்திவிட்டது.
மறைத்த முள்ளுக்குப்
பொறுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.
அது படத்தில் இல்லை.

வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான் கருணாதிலக்க.
பாறையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் பீடி லைட்டரை நீட்டினான்.
சுடரில் இரண்டு முனையும் இளகின:
ஒரு தலை, காற்சட்டையின் மிஞ்சிய கால்.
ஒட்டி, ஊதி ஊதி ஆறவைத்தேன்.
தையல் பிரித்த தழும்புபோல நடுவில் ஒரு கணு.
சோம்பு போய் டயர் எரிந்த வாடை.
"அஞ்சு நாப்பதுக்கு பஸ்," என்றான், தமிழில்.
"தன்னவா," என்றேன்.

முள்ளை மறைத்தேன். எறிந்தேன்.
கூரையில்லாத ஒரு சன்னலோரம்
தங்கூசி தளர்ந்து இறங்கி, நின்று,
பிறகு தட்டாமல், இழுக்காமல்,
மெல்லப் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கியது.

மேலே ரோட்டில் எஞ்சின் உறுமுகிறது.
கருணாதிலக்க மேட்டில் ஓடிப்போய்
ஹோர்ன் அடிக்க வேண்டாமென்று
டிரைவருக்குக் கையைக் காட்டுகிறான்.
என் விரலிடுக்கில் அது நடக்கிறது.

ஒன்று.

இரண்டு.