அளவுகோல்: ஐயாயிரத்துக்கு ஒன்று

பள்ளி மறுபடி திறந்த வாரம்
ரெய்க்யாவிக்கிலிருந்து கப்பலில் ஒரு பெட்டி வந்தது.
சுருட்டிய நிலப்படம் இரண்டு,
காற்றுமானி ஒன்று,
சாக்பீஸ் நான்கு டஜன்,
வைக்கோலுக்குள் பத்திரமாக
எங்கள் ஹெய்மே தீவு.

பிளாஸ்டரில் வார்த்தது. ஒன்றேகால் மீட்டர் நீளம்.
கடலுக்கு நீல எனாமல்.
கிழக்கு மூலையில் பித்தளைத் தகடு, 1:5000.

"டீச்சர், இது தப்பு" என்றான் ஓட்கேய்ர்,
மேசையில் இறக்கி வைக்கும் முன்பே.
தெற்கே தனியாக நின்றது பழைய மலை ஒன்று.
ஜன்னலுக்கு வெளியே இரண்டு நின்றன.
இரண்டாவதற்கு இன்னும் மூன்று வயது நிறையவில்லை.
அது பிறந்த ராத்திரி
இந்த வகுப்பு முழுக்கப் பைஜாமாவோடு
மீன்பிடிப் படகுகளில் ஏறியிருந்தது.

நான் அக்கரைக்காரி.
எரிமலையைப் பரீட்சைக்குப் படித்தவள்.
வாரியத்துக்கு எழுதி வேறு கேட்போம் என்றேன்.
அதற்குள் மாவைக் கரைத்துப்
பசை காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள்.

பழைய செய்தித்தாள் கிழிந்தது.
வானிலை அறிக்கை, மீன் விலை, மரண அறிவிப்பு,
எல்லாம் வாளியில் ஊறின.
மலையின் உயரம் நாலு செண்டிமீட்டர் என்று கணக்கு சொன்னது.
"அவ்வளவுதானா?" என்றான் பியார்த்மார்.
மறுபடி வகுத்தான். அவ்வளவுதான்.

"அப்போ ஒரு வீடு?"
ஸ்டெய்ன்வோர் கேட்டாள்.
பத்து மீட்டர் வீடு
இரண்டு மில்லிமீட்டர் வந்தது.

மறுநாள் ஒரு டப்பா கொண்டுவந்தாள்.
ஹெர்ரிங் மீன் ஊறப்போட
அவள் அம்மா வைத்திருந்த கடுகு.
மூடுவதற்கு முன்னால் வைத்தாக வேண்டும் என்றாள்.

ஆக, பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்பது நாள்
இடுக்கியும் கடுகுமாகப் போனது.
தெருக்கள் அவர்களுக்கு மனப்பாடம்.
ரொட்டிக் கடை இடப்பக்கமா வலப்பக்கமா என்று
இரண்டு பேர் பேசாமல் இருந்தார்கள்;
தபால்காரரைக் கூட்டிவந்து கேட்டோம்,
அவர் கண்ணை மூடிக்கொண்டு
காலால் நடந்து பார்த்துச் சொன்னார்.
கடற்கரைத் தெருவில் பதினொன்று என்றான் ஒருவன்,
பன்னிரண்டு என்றாள் ஒருத்தி.
பன்னிரண்டாவது கோழிக் கொட்டகை என்று தீர்ப்பானது.
கடுகை உடைத்துப் பாதியை வைத்தார்கள்.

நானூறுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.
ஒரு தேக்கரண்டி கூட நிறையாது.

பிறகு ஒட்டினோம், காகிதத்தின் மேல் காகிதம்.
யாரும் பேசவில்லை.
மலையடிவாரத்தில் பொறுக்கிய கருங்கற்பொடியை
ஈரத்தின் மேல் தூவினார்கள்.
சிலருடைய பையில் அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.
கரை, எனாமல் கடலுக்குள் இறங்கி
நீலத்தைத் தின்றுகொண்டே போய்
பித்தளைத் தகட்டின் மேல் ஏறி நின்றது.
ஒன்று உள்ளே போயிற்று.
ஐயாயிரம் வெளியே மிஞ்சியது.
அன்றிரவு தப்பியவர்களும் ஏறக்குறைய அத்தனை பேர்தான்.
உள்ளே போனவரும் ஒருவர்தான்.
யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள்.

வசந்தத்தில் தணிக்கைக்கு வந்தவர்
தகட்டை விரலால் சுரண்டிப் பார்த்தார்.
பொருள்: தீவின் மாதிரி, ஒன்று.
நிலை: சேதம்.
நானும் கையெழுத்துப் போட்டேன்.
"திருத்தப்பட்டது" என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பியார்த்மாரின் வீட்டை மட்டும் நாங்கள் ஒட்டவில்லை.
சும்மா வைத்தால் போதும் என்றான்.
அவன் அப்பா அந்த வீட்டின் சாவியை
இன்னும் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை
அலமாரியிலிருந்து அதைத் தூக்குகிறோம்,
ஆளுக்கு ஒரு பக்கம்.
கொஞ்சம் சாய்ந்தாலும்
மலைக்குள் எங்கோ
ஒரு கடுகு உருளும்.
பிள்ளைகள் காதை வைத்துக் கேட்பார்கள்.
அதன் பிறகுதான்
பாடம் தொடங்க விடுவார்கள்.