நிறுத்திவைத்து எடு

அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்குள்
ஒன்பது முகங்கள்.
பத்தாவது நான்,
மேலே குர்தா, கீழே நைட்டி.
நாற்பது நிமிடமாக ஒரே கேள்வி:
ஹார்பரை விட்டு ரயில் கிளம்பியதா இல்லையா?
தொண்ணூறு கண்டெய்னர்.
சிஸ்டத்தில் இன்னும் சிவப்பு.
குர்கானிலிருந்து தேஷ்பாண்டே
ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்,
ஒன்றாம் வகுப்பு அட்டெண்டன்ஸ் மாதிரி.

"லோகேஸ்வரி, சென்னை. நீங்கள் சொல்லுங்கள்."

வாயைத் திறக்கிறேன்.
தேஷ்பாண்டேயின் நெற்றிமேல்
இன்னொரு பெயர் வந்து இறங்குகிறது:
டில்லிபாபு தண்ணி.

தண்ணி அவர் குடும்பப் பெயர் இல்லை.
லாரி ஓட்டுகிறார்.
ஆறு நாளாக வராத லாரி.
தொட்டி மூடியின் சாவி
இந்த மாதம் என் முறை,
பதினொரு வீட்டுக்கும் சேர்த்து.
ஒரு தடவைதான் அடிப்பார்.
எடுக்காவிட்டால் அடுத்த தெருவுக்குத் திருப்பிவிடுவார்,
அங்கே டீயும் உண்டு.

திரை மூன்று வழி காட்டுகிறது.
வெட்டு.
இதை முடித்து அதை எடு.
இதை நிறுத்திவைத்து அதை எடு.
சம்பளமா குளியலா என்று அது கேட்கவில்லை,
பச்சையும் சிவப்புமாய்ச் சும்மா துடிக்கிறது.

"லோகேஸ்வரி ஸ்டக் ஆகிவிட்டார்"
என்கிறார் யாரோ.

ஆகவில்லை, யோசிக்கிறேன்.
ஆனால் அதுவும் நல்ல யோசனைதான்.
இமைக்காமல், வாய் பாதி திறந்தபடி
அப்படியே இருக்கிறேன்.
கட்டைவிரல் மட்டும்
காமிராவுக்குக் கீழே நழுவிப் போய்
மூன்றாவதை அழுத்துகிறது.

"யக்கா, மூடியத் தொறந்து வையி.
நான் கொருக்குப்பேட்ட கேட்டுல மாட்டிக்கினேன்.
கூட்ஸு வண்டி. போய்க்கினே கீது.
பொட்டி பொட்டியா எண்ணிக்கினு கீறேன்,
அம்பத்தி மூணு, இன்னும் வாலையே காணோம்."

"இன்னா கலருண்ணே பொட்டி?"

"இன்னாக்கா கேள்வி இது?
பச்ச. மேல வெள்ளையா ஒரு கொக்கு."

"எந்தப் பக்கம் போவுது?"

"ஹார்பர்லேந்து வெளிய."

என் கொக்கு.
என் தொண்ணூறு பெட்டி
என் தண்ணீரை மறித்துக்கொண்டு போகிறது.

"லைன்லயே இருண்ணே. வெச்சிராத."

"சாரி, நெட்வொர்க்" என்று இமைக்கிறேன்.
"ரயில் கிளம்பிவிட்டது.
கொருக்குப்பேட்டையைக் கடந்துகொண்டிருக்கிறது.
ஐம்பத்து மூன்று பெட்டி தாண்டியாயிற்று."

"சிஸ்டத்தில் இல்லையே?"

சிஸ்டம் வந்து கேட்டில் நிற்கட்டும், தெரியும்.
அதைச் சொல்லவில்லை.
"ஸ்பாட்டில் ஆள் இருக்கிறார்" என்கிறேன்.

கட்டைவிரல்கள் மஞ்சள் மஞ்சளாய் எழும்புகின்றன.
தேஷ்பாண்டே ஆளின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்.
டில்லிபாபு.
"டெல்லி டீமா?" என்கிறார் ஒருவர்.

அவர்கள் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள்.
காமிராவை மூடி, மைக்கை மூடி,
சாவியோடு படி இறங்குகிறேன்.
சந்து முனையில் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு
மேலே உட்கார்ந்திருக்கிறாள் ஜான்சிராணி.

"வருதா?"

அழைப்பை மாற்றிக் காதில் வைக்கிறேன்.
அங்கே யாருக்கென்று தெரியாமல்
எண்ணிக்கொண்டே இருக்கிறார் மனுஷன்:
எம்பத்தி நாலு, எம்பத்தி அஞ்சு.

"இன்னும் அஞ்சு" என்கிறேன் அவளிடம்.

நிமிஷமா, நாளா என்று அவள் கேட்கவில்லை.
எழுந்து
குடத்தை நிமிர்த்தி வைக்கிறாள்.