எஸ் வளைவு

புளியரை செக்போஸ்ட்டில்
பில்லைப் பார்த்துவிட்டுத்தான் கம்பை உயர்த்துவார்கள்.
என் மகள் மைமூன் நெஞ்சிலும் ஒரு கதவு,
பொட்டாசியத்தை வெளியே விடத் தாமதிக்கிறதாம்.
ஜீனில் ஒரே ஓர் எழுத்துப் பிழை.
சட்டென்று ஒரு சத்தம் போதும், என்றார்
திருவனந்தபுரத்து டாக்டர்
மலையாளத்தில், மெதுவாக.

அலாரம் கடிகாரத்தைக் கிணற்றில் போட்டேன்.
குக்கர் விசிலுக்கு முன்பே
அவளைக் கொல்லைக்கு அனுப்பிவிடுகிறாள் என் மனைவி.
போன்களுக்கும் வாயடைத்தாயிற்று.
அதனால்தான்
லேப்பிலிருந்து வந்த நான்கு அழைப்பும் கேட்கவில்லை.

ஐந்தாவதைக் கோட்டைவாசலில் எடுத்தேன்.
பிழை என் பக்கத்தது.

இருபத்தாறு வருஷம்
ஏர் ஹாரனிலேயே இந்த மலையிறங்கியவன்.

எஸ் வளைவு.
எதிரே கொல்லம் பஸ்.
கை ஹாரன் மேல்.
நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பதற்குள்
பின்னால் வந்தவன் அடித்தான்.